வாப்பாவின் புல்லும் உம்மாவின் புழுவும்

எங்கள் கிண்ணியாவில் முற்றம் என்றால் மணல்தான். விடிய எழும்பி, விளக்குமாற்றின் வரி தெரியக் கூட்டி வைப்பதுதான் நல்ல வீட்டுக்கு அடையாளம். அதில் ஒரு புல் முளைத்தாலும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு வணங்காது என்று கதை கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் வாப்பா பாதி முற்றத்துக்குப் புல் நட்டார். கட்டாரில் அவருக்கு அதுதான் வேலை. பாலைவனத்தில் பெரிய மனிதர்களின் வீட்டு வாசலில் புல் பதித்துப் பராமரிப்பார். ஒருமுறை லீவில் வந்தபோது, நமது வீட்டுக்கும் இருக்கட்டும் என்று நட்டுவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாடில்லாத ஊட்டுக்கு எதுக்குப் புல்லு?" என்று கேட்டார். உம்மா சிரித்துக்கொண்டார். ஆனால் அந்தப் புல்லில் ஒருவரையும் செருப்போடு மிதிக்க விடமாட்டார்.

எனக்கு ஒன்பது வயதில் அந்தப் புல் கருகத் தொடங்கியது. முதலில் தட்டளவு மஞ்சள் திட்டு, பிறகு பாயளவு. தண்ணீர் காணாது என்று நினைத்து உம்மா காலையும் மாலையும் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றினார். மைனாக்கள் கூட்டமாக வந்து கொத்தின. அவைதான் புல்லைப் பிடுங்குகின்றன என்று நான் தடியோடு காவல் நின்றேன். வாப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் வெள்ளிக்கிழமைகளில்தான் வீடியோ கோல் எடுப்பார், அதுவும் பத்து நிமிடம். பச்சையாக இருந்த மூலையில் போய் நின்றுகொண்டு கதைப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் கத்தி விரட்டுவது அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏன் மகள் மைனாவ வெரட்டுறீங்க?"

"புல்லப் புடுங்குதுகள் வாப்பா."

"அதுகள் புல்லுத் திங்கிறல்ல. புழு விழுந்திரிக்கி. போனக் கிட்டப் பிடிங்க."

மறைத்ததற்கு ஏசுவார் என்று பயந்தேன். அவர் ஏசவில்லை. கோப்பை கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கலக்கி, மஞ்சளும் பச்சையும் சேரும் ஓரத்தில் ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டுக் குந்திக்கொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் புல்லின் அடியிலிருந்து பழுப்பு வரிப் புழுக்கள் ஒவ்வொன்றாக நெளிந்து மேலே வந்தன. தண்ணீரைக் குறைக்கவும் மைனாக்களை விட்டுவிடவும் சொல்லிவிட்டு, "நாளைக்கும் பாப்பம்" என்றார்.

சொன்னபடியே மறுநாளும் எடுத்தார், அதற்கடுத்த நாளும் எடுத்தார். அங்கே வெயிலுக்கு வேலை நிறுத்தும் நேரம், எங்களுக்கு அஸர் தொழுகை முடிந்த பின்னேரம். உம்மா அலுமாரியிலிருந்து நல்ல முக்காட்டை எடுத்துப் போட்டு, முகத்துக்குப் பவுடரும் பூசிக்கொண்டு முற்றத்துக்கு வருவார். புழுப் பார்க்க எதற்குப் பவுடர் என்று எனக்கு விளங்கவில்லை.

"என்ன புள்ள, புழு இன்னும் இரிக்கா?" என்று வாப்பா உம்மாவிடம் கேட்பார்.

"ஓம், இன்னும் கொஞ்சம் இரிக்கி."

பிறகு கதை முருங்கை மரத்துக்குப் போகும், மாமியின் வேலிக்குப் போகும், இருவரும் சிரிப்பார்கள். ஒரு மணித்தியாலம் ஆகிவிடும்.

ஆனால் புழு இரண்டாம் கிழமையே, பதினாலு நாள் ஆகும் முன்பே, முடிந்துவிட்டது. நான் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் எழும்பவில்லை. மைனாக்களும் வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. உம்மா மட்டும் நாள் தவறாமல் "இன்னும் இரிக்கி" என்றார். பொய் சொல்பவர்களுக்கு மறுமையில் என்ன நடக்கும் என்று ஓதப்பள்ளியில் அப்போதுதான் சொல்லித் தந்திருந்தார்கள். உம்மாவும் அதில் மாட்டிவிடுவார் என்று பயந்தேன். ஒருநாள் போனைப் பறித்து, "புழு ஒண்டும் இல்ல வாப்பா. எப்பயோ முடிஞ்சி. உம்மாக்குத் தெரியாது" என்றேன்.

வாப்பா, "நல்லம் மகள்" என்றார். அன்றைக்குக் கதை அதோடு முடிந்தது.

மறுநாள் உம்மா வழக்கம்போல முகம் கழுவிப் பவுடர் பூசிப் புல்லோரம் வந்து நின்றார். நாலரை மணியானதும் போனை உள்ளே வைத்துவிட்டு வந்து, காலையில் கூட்டிய மணலையே மறுபடி கூட்டினார். வாப்பா வெள்ளிக்கிழமைதான் எடுத்தார், பத்து நிமிடம். உம்மாவைப் பாவத்திலிருந்து காப்பாற்றிய பெருமை எனக்கு.

இப்போது நான் திருகோணமலையில் வேலை செய்யும் அலுவலகத்துப் புல்லிலும் சென்ற மாதம் புழு விழுந்தது. தோட்டக்காரர் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ரெண்டு மூண்டு கிழமைதான் மிஸ், பிறகு மண்ணுக்குள்ள போய்க் கூடாகிரும்" என்றார். பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் கடக்கும்போது கணக்குப் பார்த்தேன். உம்மா அந்தப் பொய்யைச் சொன்னது இரண்டு மாதம். காலமெல்லாம் புல்லோடு கிடந்த மனிதர் அதை இரண்டு மாதமும் நம்பினார், முதல் நாளுக்குப் பிறகு ஒரு புழுவையாவது காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

வாப்பா ஊரோடு வந்து சேர்ந்தது, உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகுதான். பின்னேரங்களில் அந்தப் புல்லோரம் கதிரை போட்டுத் தனியாக இருக்கிறார். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அந்தப் புல்லில் இன்னும் எத்தனை பின்னேரம் புழு இருந்திருக்கும்.