காசி அண்ணன் விரல் வைக்கும் இடம்

போன சனிக்கிழமை காலையில் என் மூத்த மகள் ஜெனி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் ஆபீசுக்கே வந்துவிட்டாள். நான் வேலை செய்வது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில்; கப்பல் ஏறும் இரும்புப் பெட்டிகள் வந்து நிற்கும் இடம். கடல் பக்கம் லேசாகப் பனிமூட்டம். அடுக்கி வைத்த பெட்டிகள் எல்லாம் வானத்தில் மிதப்பது போல இருந்தன.

பிள்ளைகளே, ஜெனியும் நாலு பேரும் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் செய்திருக்கிறார்கள். ஆபீசில் கட்டம் போட்டு விவரம் எழுதி வைப்பதற்கு. எல்லா இடத்திலும் ஒரு பெரிய கம்பெனியுடையதுதான் ஓடுகிறது. எங்கள் மேனேஜர், ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்தார். பிடித்தால் இவர்களுடையதை வாங்கும் முதல் ஆபீஸ் நாங்கள்தான். பிடிக்காவிட்டால் ஐந்து பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

பார்க்க அவ்வளவு அழகு. ஸ்கிரீன் முழுக்கக் கடல் நிறம். பட்டன் எல்லாம் புதுப்புது இடத்தில். யாரையும் பார்த்துச் செய்யவில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. எனக்கும்தான்.

யார்டு கேட்டில் லாரிப் பதிவு எழுதும் காசி அண்ணன் புது சாஃப்ட்வேர் முன்னால் உட்கார்ந்தார். லாரி வந்தது. அவர் கண் ஜன்னல் வழியாகக் கன்டெய்னர் நம்பர் மேல் இருக்கும். கை தானாக டைப் அடிக்கும் — தூக்கத்தில் நடக்கிற மாதிரி. அந்தக் கை பழைய பழக்கத்தில் ஏதோ ஒரு கீயை அமுக்கியது... எழுதின வரியே காணோம். மறுபடி அடித்தார். மறுபடி காணோம். வெளியே லாரி வரிசை நீண்டுகொண்டே போனது.

"இன்னா பாப்பா... என் கைய ஒரு வார்த்த கேக்காம எல்லாத்தயும் எடம் மாத்தி வச்சிகீற?" என்றார்.

ஜெனி முகம் வாடிவிட்டது. டீ குடிக்கும்போது, "அவங்கள மாதிரியே வச்சா காப்பிதானே நைனா? அதுல நான் எங்க கீறேன்?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பத்தாவதோடு நின்றவன். கிரேன் ஒன்று பனிக்குள் மெல்லக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து போய்க் காசி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய சாஃப்ட்வேரில் அவர் வேலை செய்வதைச் சாயந்திரம் வரை வெறுமனே பார்த்தாள்.

கன்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். எங்கள் யார்டில் டிரைவர்கள் எண்களை மூணு, மூணு, ஒண்ணு என்று பிரித்துத்தான் கத்துவார்கள். ஸ்கிரீனிலோ எல்லாம் ஒட்டி நிற்கும். அதனால் அடித்து முடித்ததும் காசி அண்ணன் ஸ்கிரீன் மேல் விரல் வைத்துத் துண்டு துண்டாகச் சரிபார்ப்பார். ஒரு எண் தப்பானால் வேறு பெட்டி அல்லவா கப்பல் ஏறிவிடும்? விரல் பட்டுப் பட்டு அங்கே ஓர் அழுக்குத் திட்டு. வருஷக்கணக்காக நாங்கள் அதைத் துடைக்கிறோம். அது ஏன் வருகிறது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

புதன்கிழமை ஜெனி திரும்பி வந்தாள். கீ, பட்டன் எல்லாம் பெரிய கம்பெனி வைத்த இடத்திலேயே. ஒன்றே ஒன்று புதுசு — அடித்த நம்பர் பெரிதாக, துண்டு துண்டாக வந்து நின்றது. டிரைவர் கத்துகிற மாதிரியே.

காசி அண்ணன் விரலைத் தூக்கினார். பாதியில் நின்றது. அப்புறம் மெதுவாக மடியில் இறங்கியது.

மேனேஜர் வந்து, என்ன முடிவு என்று கேட்டார். காசி அண்ணன் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

"இதுவே இருக்கட்டும் சார்."

நீங்களும் தோஸ்து வரைந்த படத்தைப் பார்த்து வரைவீர்கள்தானே, பிள்ளைகளே? வரையுங்கள், தப்பில்லை. அவன் பார்க்காமல் விட்டது ஏதாவது ஒன்று இருக்கும்... அதையும் பாருங்கள்.

என்றைக்காவது அந்தப் பெரிய கம்பெனி என் மகளைப் பார்த்துக் காப்பியடிக்கும் — அப்பன்காரன் இந்தக் கனவுகூடக் காணக்கூடாதா என்ன?