ஒரே பைப்பில் இழுத்த பெல் ஒயர்

என் கணவருக்குத் தெருவில் டெஸ்டர் என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். இருபத்திரண்டு வருடம் வயரிங் வேலை பார்த்தவர். நான் மிக்ஸி போடுவதற்கு முன்னால்கூட பிளக்கை ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் நகர்வார். எனக்கும் சேர்த்து இவரே பயந்துகொள்வார், நமக்கென்ன என்று நான் கேலி பேசியதுண்டு.

அப்படிப்பட்டவர் நிஜமாகவே வெலவெலத்துப் போய் நான் பார்த்தது, எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில்.

மூன்று மாடி கொண்ட சின்ன ஆஸ்பத்திரி அது. கட்டிலோரம் ஒயரில் தொங்கும் பெல் சுவிட்சை என் உள்ளங்கையில் வைத்து, "எதுன்னாலும் அமுக்குங்கக்கா" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு குட்டி விளக்கு உண்டு. உள்ளே வந்த இவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த விளக்கைத்தான் பார்த்தார். நான் அமுக்காமலேயே அது மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. போய் ஏசியை நிறுத்தினார். விளக்கு அணைந்தது. ஏசியைப் போட்டார். எரிந்தது.

"கைய எடு. அதத் தொடாத."

"ஏன், நர்ஸம்மாவுக்குத் தூக்கம் கெட்டுடுமா?"

"எடுன்னா எடு!"

என்னிடம் குரல் உயர்த்தியே அறியாதவர். எனக்குத் தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது.

நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்பு இந்தக் கட்டடத்துக்கு வயரிங் செய்தவர் அவர்தான். சுவர் பூசி வெள்ளையடித்த பிறகுதான் முதலாளிக்கு பெல் ஞாபகம் வந்திருக்கிறது. பெல்லுக்கு வெறும் இருபத்துநான்கு வோல்ட். ஒயரும் சன்னம், அதன் தோலும் மெல்லிசு. அதைத் தனி பைப்பில்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பூசிய சுவரை மறுபடி வெட்ட வேண்டும். இவர் வெட்டவில்லை. ஏசிக்குப் போகும் பைப்பிலேயே, இருநூற்று முப்பது வோல்ட் ஒயரோடு சேர்த்து இழுத்துவிட்டார்.

"அப்போ எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க" என்றார். நான் கேட்காமலேயே.

"ஏசி ஒயர் சூடாகும். பைப் வளையுற எடத்துல ரெண்டும் உரசும். தோல் உரிஞ்சா அந்தக் கரண்ட் நேரா இந்த சுவிட்சுக்கு வந்துடும். சும்மா பக்கத்துல ஓடுறதாலயும் விளக்கு இப்படி எரியலாம். எதுன்னு ஒயர உருவிப் பாத்தாத்தான் தெரியும்."

ஏசியை நிறுத்திவிட்டு, சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து என் பெல்லைக் கழற்றினார். ஸ்க்ரூ இரண்டு முறை கீழே விழுந்தது.

"அவ்ளோதான். இனி பயமில்ல."

அப்போது வெளியே நர்ஸ் மேஜையில் மணி அடித்தது. பக்கத்து அறைதான்; காலையிலிருந்தே மணி அடிக்கும்போதெல்லாம் நர்ஸ் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பிரசவமான பெண் அங்கே இருந்தாள். அவள் குழந்தை அழுவது சுவர் வழியாகக் கேட்டது.

"மொத்தம் எத்தன ரூம்?" என்றேன்.

"பதினெட்டு."

"பதினெட்டும் இதே மாதிரிதானா?"

தலையைக் குனிந்துகொண்டார். "வெளிய சொன்னா லைசென்ஸ் போயிடும். அப்புறம் ஒரு பல்பு மாட்டக்கூட எவனும் கூப்பிட மாட்டான்."

எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. ஒரு நிமிடம் நானும் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மணி மறுபடி அடித்தது.

"போங்க. அவ அடுத்த தடவ அமுக்குறதுக்குள்ள போய்ச் சொல்லுங்க."

போனார். திறந்த கதவு வழியாகக் கேட்டது.

"எல்லா பெல்லையும் இப்பவே நிறுத்துங்க. யாரும் சுவிட்சத் தொடக் கூடாது."

"யாருங்க நீங்க?"

"இந்த வயரிங்கப் பண்ணவன்."

அடுத்த மாதம் லைசென்ஸ் போனது. இப்போது ஒரு கடையில் நின்று பல்பு விற்கிறார். ஆனால் அன்று மதியமே வேறு ஆட்கள் வந்து ஒயர்களை உருவினார்கள். இவரைத் தொட விடவில்லை. வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"நம்ம ரூம் ஒயர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "பக்கத்து ரூமுதுல, வளைவுல, நகத்தளவுக்குத் தோலே இல்ல. ஏசி ஒயர்லயும் அதே எடத்துல செம்பு தெரியுது."

"ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"நூலிழதான் எடவெளி."

பிறகு கேட்டார்: "காலைலேருந்து அந்தப் பொண்ணு எத்தன தடவ அமுக்கியிருக்கும்?"

படுத்தபடியே நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதினொன்று.

"தெரியலங்க" என்றேன்.