நாற்பது பச்சை வரிகள்

பொம்மசந்திராவில் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே நாற்பது கிளினிக்குகளின் சர்வர்களை ஒரே கட்டளையில் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அன்று காலை, டோக்கன் எண்களைக் காட்டும் சர்வீஸை நிறுத்தி, புதுப்பித்து, மறுபடி தொடங்கும்படி எழுதி ஓடவிட்டேன். கிளினிக்குக்கு ஒன்றாகத் திரையில் வந்த கடைசி நாற்பது வரிகளும் பச்சை. காபிக்கு எழுந்தபோது ஜீவனஹள்ளி கிளினிக்கின் வரவேற்பிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"சார், டோக்கன் போர்டு இருட்டாயிடுச்சு. சொல்ப, கொஞ்சம் பாருங்க."

"இங்க எல்லாம் பச்சையா இருக்கு மேடம். உங்க நெட்தான் போயிருக்கும்."

"நெட் இருக்கு சார். ஜுரத்தோட அறுபது பேர் நிக்கிறாங்க. உங்க பச்சைய அவங்களுக்குக் காட்டவா?"

அவர் போனை வைக்கவில்லை. "முப்பத்திரெண்டு! யாருப்பா முப்பத்திரெண்டு?" என்று தொண்டை கிழியக் கத்துவது கேட்டது.

திரையை மறுபடி பார்த்தேன். நின்றிருந்த சர்வீஸ் தொடங்கியிருந்தால், மாற்றம் நடந்ததைச் சொல்லும் மஞ்சள் வந்திருக்க வேண்டும். பச்சைக்கு, 'நீ சொன்னபடியே ஏற்கெனவே இருக்கிறது' என்று பொருள். நிறுத்தும் வரியையே நகலெடுத்துக் கடைசியிலும் ஒட்டிவிட்டு, 'தொடங்கு' என்று மாற்ற மறந்திருந்தேன். நாற்பது இடத்திலும் போர்டு இருட்டு.

திருத்தி ஓடவிட்டேன். "தப்பு என்னுதுதான் மேடம்."

"போர்டு வந்துடுச்சு சார்," என்றார் கம்மிய குரலில். "இனிமே எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க."

இப்போதும் ஒரே கட்டளைதான். ஆனால் ஓடி முடிந்ததும் ஏதாவது ஒரு கிளினிக்குக்கு அழைத்து, "போர்டு எரியுதா?" என்று கேட்கிறேன். அங்கே ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சொல்லும்வரை காபிக்கு எழுவதில்லை.