விரதத்துக்காக நிறுத்திய கேப்சூல்

ஆயர் தாவார் ஊரிலிருந்து என் அக்கா வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது கொண்டுவருவாள். அந்தத் தடவை கொண்டுவந்தது ஒரு பாட்டில் ஜாமு கேப்சூல். ஜாமு என்றால் இங்கே மலாய்க்கார நாட்டு மருந்து. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. மாதவிலக்கு இஷ்டப்பட்டால் வரும், இல்லாவிட்டால் இல்லை. முட்டி வலி வேறு. வயிறு மட்டும் தவறாமல் முன்னால் வந்துகொண்டிருந்தது.

"ஹார்மோன் கெட்டுப் போச்சுடி உனக்கு. இதைப் போடு. ஹார்மோன் சரியானா எடை தானா இறங்கும். நான் ஒரு வருசமா சாப்பிடுறேன்லா" என்றாள். பாட்டிலில் இலை படமும் வேர் படமும் இருந்தன. இலையும் வேரும் என்னை என்ன செய்துவிடப் போகிறது?

முட்டி வலி அடுத்த வாரமே பறந்துவிட்டது. ஐயோ, என்ன சுறுசுறுப்பு! சிலிபினில் இருக்கும் என் வீட்டை விடியுமுன் கூட்டித் துடைத்துவிட்டு, ஜவுளிக்கடை வேலைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். ஆனால் பசி? பேய்ப் பசி. சோற்றைக் குறைத்தேன், தே தாரிக் டீயில் சீனியை நிறுத்தினேன், வேலை முடிந்து திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எடையோ ஏறிக்கொண்டே இருந்தது. கையும் காலும் மெலிய, முகம் மட்டும் ஆவியில் வெந்த பாவ் பன் மாதிரி உப்பியது. அக்காவிடம் புலம்பினால், "கெட்ட நீர் மேல வருதுடி, அப்புறம்தான் இறங்கும்" என்றாள். அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. கோயிலில் பார்த்தவர்கள், எங்கள் இருவருக்கும் லட்சுமி களை வந்துவிட்டது என்றார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்து வைத்தேன்.

தைப்பூசத்துக்குப் பால் குடம் எடுப்பதாக நாங்கள் இருவரும் வேண்டியிருந்தோம். நான் முன்கூட்டியே விரதம் தொடங்கிவிட்டேன். அக்கா கடைசி வாரம் மட்டும் இருப்பதாகச் சொன்னாள். ஒரு மத்தியானம் கடையில் நான் கேப்சூலை எடுத்தபோது, கூட வேலை செய்யும் மலாய்ப் பெண் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹலால் முத்திரை தேடினாள். இல்லை. "இந்தக் கேப்சூல் கூட்டை மாட்டுத் தோல்ல செஞ்சாங்களா, பன்றித் தோல்ல செஞ்சாங்களா, யாருக்குத் தெரியும்? எனக்குன்னா வேண்டாம்" என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முருகனுக்கு விரதம் இருந்துகொண்டு மாட்டுத் தோலையா விழுங்கிக்கொண்டிருக்கிறேன்? அந்த நிமிஷமே நிறுத்தினேன். அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "அட கடவுளே! நானும் விரதம் தொடங்குறப்ப விட்டுடுறேன்" என்றாள்.

நிறுத்திய பிறகுதான் அதிசயம் நடந்தது. எடை மளமளவென்று இறங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. விரதம் என்றால் சும்மாவா, உடம்பு சுத்தமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். "விரதம் உன்னைச் செதுக்கிடுச்சு, போ!" என்று பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய ரவிக்கையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குத்தான் பட்டுத் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே அதன் மேல் விழுந்தேன்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கையில் ஊசி, தலைக்கு மேலே தண்ணீர்ப் பை. சின்ன வயசு டாக்டர், நம் தமிழ்ப் பிள்ளை, என் முகத்தையும் கழுத்தின் பின்பக்கம் திரண்டிருந்த சதையையும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஜாமு ஏதும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

"சேச்சே. விரதம்மா. எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றேன், மெடல் வாங்குகிறவள் மாதிரி.

அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. "நிறுத்திட்டீங்களா? ஒரேயடியாவா?"

அப்புறம் அவள் விளக்கிச் சொன்னாள். இந்த மாதிரி ஜாமுவில் ஸ்டீராய்டு கலந்து விற்கிறார்களாம். வலி போனதும், பசி வந்ததும், முகம் உப்பியதும் அதனால்தானாம். "உங்க உடம்பு தானா சுரக்கிற ஹார்மோனை இது வெளியிலேருந்து குடுத்துச்சு ஆன்ட்டி. அதான் வருதேன்னு உடம்பு தன் வேலையை நிறுத்திடுச்சு. இப்ப நீங்க இதையும் திடீர்னு நிறுத்திட்டீங்க. உள்ளேயும் இல்ல, வெளியேயும் இல்ல."

"அப்ப நான் இளைச்சது?"

"அது இளைச்சது இல்ல ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்."

இனி அதே வகை மருந்தை, அளவாக, அவர்கள் சொல்கிறபடி மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். அவள் அடுத்து, "வேற யாராவது இதைச் சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள்.

அக்கா. அவள் விரதத்துக்கு அன்று மூன்றாம் நாள்.

உடனே போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தாள். "ஏய், நீ சொன்ன மாதிரியே இறங்குதுடி. காலையிலேருந்து ரெண்டு தடவை வாந்தி. எல்லா அழுக்கும் வெளிய போகுது."

"அக்கா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போ!"

"விரதத்துல என்னடி ஆஸ்பத்திரி? பால் குடம் முடியட்டும், போலாம்."

"நீ இருந்தாத்தானடி பால் குடம்!" என்று கத்தினேன். அக்காவை நான் 'டி' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. வார்டே திரும்பிப் பார்த்தது. "போனை மாமாகிட்ட குடு. இப்பவே குடு!"

அக்கா வீட்டுக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கார்ச் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. பாதி வழியில் அக்கா நினைவு இழந்துவிட்டாளாம். அவர் மறுபடி கூப்பிட்டு, "கண்ணு முழிச்சிட்டாம்மா" என்று சொல்லும்வரை, நானும் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது.

தைப்பூசத்தன்று அக்காவின் வீட்டில் இருவரும் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பார்க்க மாமாவின் தங்கை வந்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணீர் விட்டாள், நெஞ்சில் கை வைத்தாள், முருகா முருகா என்றாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிலா. ஆனா முட்டி வலி நெசமாவே போயிடுச்சுல்ல? எங்க விக்கிறாங்க?"

அக்கா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, அவள் கையைப் பற்றி, "உக்காரு. முதல்லேருந்து நான் சொல்றேன்" என்றாள்.