தபீதாள் டீச்சரின் காதுக் கதைகள்

குரோம்பேட்டையைத் தாண்டியதும் சைக்கிள் மணி அடிக்கும். தபீதாள் டீச்சர் இரண்டு காதிலிருந்தும் இயர்போனைச் சட்டென்று உருவி மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மணியை அடிப்பது தண்டவாளத்தோரத்துச் சைக்கிள்காரர் அல்ல. கனடாவில் உட்கார்ந்து ஜப்பானிய அனிமே கார்ட்டூன் படங்களையும் மங்கா படக்கதைப் புத்தகங்களையும் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற பாட்காஸ்ட்காரர்கள். ‘முடிவைச் சொல்லப் போகிறோம், படம் பார்க்காதவர்கள் காதை மூடிக்கொள்ளுங்கள்’ என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாளம் அது. உலகத்தில் வேறு யார் அதை மதிக்கிறார்களோ தெரியாது. டீச்சர் மதிப்பார். அடுத்த ஸ்டேஷன் வரும்வரை இயர்போன் மடியிலேயே கிடக்கும்.

டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. எழும்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். கஞ்சி போட்ட புடவையும் கறாரான கொண்டையுமாக அவர் வராந்தாவில் நடந்து வந்தால், செருப்புச் சத்தத்துக்கே பத்தாம் வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். அதே டீச்சர் காலையில் தாம்பரம் வண்டியின் லேடீஸ் பெட்டியில் தனக்குத்தானே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்தால், கணக்குப் பரீட்சையின் மேலிருக்கும் பயமே விட்டுப்போகும்.

வீட்டுக்காரர் சுந்தர்சிங் பொறுமைசாலி. பிராட்பேண்ட் இலவசமாக ஓடும் விடியற்காலையில் எழுந்து, புதிதாக வந்திருக்கும் நிகழ்ச்சிகளை இறக்கி, பர்மா பஜாரில் வாங்கிய விரலளவு எம்.பி.3 பிளேயரில் ஏற்றித் தருவார். “உன் ஜப்பான்காரங்க வந்துட்டாங்க” என்று காபியோடு நீட்டுவார். “ஜப்பான் இல்லீங்க, கனடா” என்று திருத்துவதில்தான் டீச்சருக்குப் பொழுது விடியும். படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதென்ன பேச்சைக் கேட்பது என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “கண்ணுக்குப் பேப்பர் திருத்தவே டைம் பத்தல. காது சும்மாதானே இருக்கு?”

பாட்காஸ்டில் பேசுவது இரண்டு பேர். ஒருவன் எதற்கெடுத்தாலும் சிரிப்பான். ஒருத்தி எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருவாள். டீச்சர் அவர்களுக்குச் சிரிப்பாண்டி, சண்டைக்காரி என்று பெயர் வைத்து, கேட்டதையெல்லாம் சுடச்சுடத் தமிழில் சொல்லுவார். மாம்பலம் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் ஷாயிஸ்தா எதிர் சீட்டில் இடம்பிடித்து வைப்பாள். கிண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கும் கங்கையம்மாள், பெருங்களத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, மூச்சிரைக்க ஏறி, கூடையை இறக்கும் முன்னே கேட்பார்: “அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?”

அந்தப் பொண்ணு கியோமி, ஓர் அனிமே தொடரின் கதாநாயகி. ஓயாமல் காற்றடிக்கும் தீவொன்றில் காணாமல் போன அண்ணனைத் தேடி அலைகிறவள். பெட்டியில் பாதிப் பேருக்கு அவள் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். கடைசிப் பாகத்தைத் தவிர மற்றதையெல்லாம் டீச்சர் லீவு நாட்களில் டிவிடியில் பார்த்துவிட்டார். கடைசி டிவிடியைத் தம்பி ஜாய்சன் சிங்கப்பூரிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவருவான். ஆனால் அந்த முடிவைப் பற்றிய பேச்சோ அக்டோபரிலேயே பிளேயருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மணிக்கு அந்தப் பக்கம் டீச்சர் ஒருநாளும் போகவில்லை.

“பதிலு உன் பைலயே கீது. கேட்டுச் சொல்றதுக்கு இன்னா டீச்சரே?”

“கூடாதுக்கா. இப்பவே கேட்டுட்டா, பாக்கறப்ப என்ன ருசி இருக்கும்? கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்க.”

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கங்கையம்மாள் பெட்டி முழுக்க மசால்வடை கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. “திங்கக்கெழமலேர்ந்து இந்த வண்டி நமக்குக் கெடயாது. எங்க வூட்டாண்டயே புச்சா அபார்ட்மென்ட் கட்டிக்கீறாங்க இல்ல, அங்க ரெண்டு வூட்ல சமையலு. பஸ்ஸு, ரயிலு, ஒரு பேஜாரும் இல்ல.” எல்லோரும் வாழ்த்தினார்கள். வடையைக் கொடுத்து முடித்து உட்கார்ந்தவர், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு கதைதான் பாதில நின்னுபோச்சு. சரி, வுடு” என்றார்.

அந்த ‘சரி, வுடு’ டீச்சரை என்னவோ செய்தது. கிறிஸ்துமஸ் ராத்திரி, கேக் தட்டு, பக்கத்தில் சுந்தர்சிங், திரையில் கடைசிக் காட்சி என்று இரண்டு மாதமாக மனதுக்குள் ஆசை ஆசையாக ஜோடித்து வைத்திருந்தவர் அவர். பாதி வடை கையிலேயே இருந்தது. பெருங்களத்தூருக்கு இந்த முடிவை யார் கொண்டுபோய்ச் சொல்லுவார்கள்? மனசு கேட்கவில்லை. வடையை ஷாயிஸ்தாவின் கையில் திணித்துவிட்டு, அக்டோபர் நிகழ்ச்சியைத் தேடி ஓடவிட்டார்.

பல்லாவரத்தில் மணி அடித்தது. பழக்கதோஷத்தில் கை காதுவரை போய்விட்டுத் திரும்பியது. பெட்டியே டீச்சரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. புருவம் ஏறியது. உதடு துடித்தது. கண்ணில் நீர் கட்டியது. ஷாயிஸ்தா பயந்து, “அண்ணன் செத்துப் போயிட்டானா டீச்சர்?” என்றாள்.

“கெடச்சுட்டான்!” டீச்சர் கத்திய கத்தலில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “கெடச்சுட்டான்க்கா! சண்டைக்காரி தேம்பித் தேம்பி அழறா! சிரிப்பாண்டியால பேசவே முடியல!”

ஷாயிஸ்தா வடையோடு கை தட்டினாள். கங்கையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார். டிசம்பரில் பார்க்க இனி என்ன மிச்சம் என்ற நினைப்புகூட டீச்சருக்கு வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“எங்க கெட்ச்சான்? எப்டிக் கெட்ச்சான்? வெவரமா சொல்லு!”

ஒரு காதில் கனடாவும் இன்னொரு காதில் கங்கையம்மாளுமாக டீச்சர் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காற்று நின்றது. கலங்கரை விளக்கத்தின் கதவு திறந்தது. உள்ளே படிக்கட்டில் யாரோ இறங்கி வரும் சத்தம். வண்டி கிண்டியில் நின்றது.

“அக்கா, கிண்டி! லேட்டானா கேன்டீன்ல கத்துவாங்க!” என்றாள் ஷாயிஸ்தா.

கங்கையம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பிளாட்பாரத்தை ஒரு தடவை பார்த்தார். டீச்சரின் வாயை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்து, காலால் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, காலியான சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.