உப்புப் பார்க்காமல் சமைத்த படையல்

இன்று குறிகட்டுவான் பஸ்ஸில் ஒரு நாவலைப் படித்து அழுது, கண்டக்டரிடம் மாட்டிக்கொண்டேன்!

"தங்கச்சி, சத்தி வருதே? ஷொப்பிங் பாக் ஒண்டு தரட்டே?"

(வாந்தி என்று நினைத்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன். நெடுந்தீவுப் படகுக்கு உதவும்!)

முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். தொடக்கம் மட்டும்.

கணவன் செத்துப்போகிறான். எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையல். அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிறாள் மனைவி. படையலுக்குச் சமைப்பதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது அல்லவா? அழுத அழுகையில் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிடுகிறாள்.

அன்று பின்னேரம் செத்தவன் வந்து கதிரையில் உட்கார்ந்து சொல்கிறான்: "உப்புக் காணாது."

பஸ் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்!

பிறகு தினமும் வருகிறான். வந்து ஏதாவது ஒரு குறை சொல்கிறான். அவள் ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த, அவனிடம் ஒவ்வொன்றாக இல்லாமல் போகிறது. முதலில் நிழல், பிறகு வாசம், பிறகு குரல். வீட்டுக் கிணறு கடலைப் போல வற்றிப் பெருகுகிறது. ஆடுகள் அவனுக்கு ஊரில் நடந்த புதினமெல்லாம் சொல்கின்றன. எழுதியவர் இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார், நானும் நம்பிக்கொண்டு போகிறேன். என்ன எழுத்தப்பா!

ஒரே பயம், பக்கத்து சீட்டில் இருந்த அம்மா.

அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அன்றிலிருந்து அம்மா அவருடைய கதையே எடுப்பதில்லை. நாங்கள் எடுத்தாலும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். இந்தப் புத்தகம் அவர் கையில் பட்டால் உடைந்துபோவாரே என்று கைப்பைக்குள் ஒளித்தேன்.

ஆனால் அம்மாவுக்கு இன்றுதான் டவுனில் புதுக் கண்ணாடி எடுத்தோம். படகில் நான் தலை சுற்றிக் கண்ணை மூடிக் கிடக்க (கண்டக்டரின் பாக் கையில்!), கண்ணாடியைச் சோதிக்க அம்மாவுக்குக் கிடைத்தது கைப்பைக்குள் இருந்த அந்தப் புத்தகம்தான்!

கண் திறந்து பார்த்துப் பதறிப் பறிக்கப் போனேன்.

"விடு பிள்ளை. எழுத்து வடிவாத் தெரியுது."

கரை தெரியும் வரைக்கும் அம்மா தலை நிமிரவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இவள் ஒரு விசரி."

"ஆரம்மா?"

"கதையில வாற பொம்பிளைதான். அவன் உப்புக் காணாது எண்ட உடன, அடுத்த நாள் அளவாப் போட்டுச் சமைக்கிறாள். போட்டிருக்கக் கூடாது."

"ஏன்?"

"உன்ர கொப்பா அப்பிடி வந்து சொன்னால், நான் சாகுமட்டும் உப்பே போடமாட்டன். அப்பதானே நாளைக்கும் சொல்ல வருவார்."

எனக்கு அடக்க ஏலவில்லை. படகு முழுக்கப் பார்க்க அழுதேன்.

முன்னால் இருந்த அக்கா திரும்பிக் கேட்டார்: "என்ன, பிள்ளைக்குச் சத்தியே?"

"இல்லை. தேப்பன்ர நினைப்பு," என்றார் அம்மா.

இத்தனை மாதத்தில் அம்மா அப்பாவின் கதையை எடுத்தது இன்றுதான் முதல் தடவை!

அந்த எழுத்தாளர் எங்கே இருந்தாலும் நல்லாயிருக்கட்டும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு புத்தகம் செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதியில் உப்பே இல்லை!

நான் இன்னொரு கரண்டி விட்டுச் சாப்பிட்டேன். உப்புக் காணாது என்று சொல்ல வேண்டியவர் நான் இல்லை.