பத்தாவது கட்டம்

அம்மா குடியிருந்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், பத்து வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு. அங்கே ஒரு பழக்கம். காலையில் முதல் வீட்டுக் கதவைத் திறப்பவர் பக்கத்து வீட்டைப் பார்த்து, "எந்திரிச்சாச்சா?" என்று குரல் கொடுப்பார். அந்த வீடு பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டைக் கேட்கும். பதில் வராவிட்டால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார்கள். வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு நின்றுபோன பிறகும் இதை மட்டும் அவர்கள் விடவில்லை.

ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியதில் கடைசியில் மறுகோடியில் முதல் வீடும், அம்மாவைக் கேட்க ஒன்பதாம் வீட்டு அக்காவும் மட்டும்தான் மிச்சம். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். "தீபாவளி முடியட்டும், வாரேன்" என்று அரைமனதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த அரைமனதை முழுசாக்கத்தான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். ஈப்போவில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள் நான். செல்லுலார் ஆட்டோமேட்டா என்று ஒன்று உண்டு: வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து எரியும் அல்லது அணையும். லயத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு, ஆள் இருக்கும் வீடுகளை எரியவிட்டேன். இரண்டு பக்கமும் இருட்டானால் நடுவிலிருக்கும் வீடு அணைந்துவிடும். விரலால் தொட்டால் அந்த வீடு காலி. கைப்பேசியிலேயே ஓடும்படி செய்துகொண்டு போனேன்.

"அக்கா வீட்டைத் தொட்டுப் பாரும்மா" என்றேன்.

தொட்டாள். ஒன்பது அணைந்தது. பத்து அணையவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் எரிந்துகொண்டே இருந்தது.

அம்மா கைகொட்டிச் சிரித்தாள். "பாத்தியா, நம்ம வூட்டுக்கு ஒன்னும் ஆவலேலா! கம்ப்யூட்டரே சொல்லுது."

காரணம் எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கோடியில் இருக்கும் வீட்டுக்கு ஒரு பக்கம் அண்டை கிடையாது. அதற்குத் தனி விதி எழுதச் சோம்பல்பட்டு, இந்த வேலையில் பலரும் செய்வதுபோல, வரிசையின் கடைசியை முதலோடு சேர்த்து வளையமாக்கியிருந்தேன். திரையில் அம்மாவைக் காப்பாற்றியது லயத்தின் மறுகோடியில் இருந்த முதல் வீடு. அங்கிருந்து கத்தினாலும் அவளுக்குக் கேட்காது.

சொல்லியிருக்க வேண்டும். அவள் முன்னால் என் தப்பை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. திருத்திக்கொண்டு வந்து காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவளோ அடுத்த வாரமே, "நா எங்கேயும் வரலேலா" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு புதன்கிழமை அக்கா கோப்பெங்கில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடிபோனார். எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அம்மா போனை எடுக்கவில்லை. எடுக்காதது அவளுக்கு வழக்கம்தான் என்று நானும் இருந்துவிட்டேன். சனிக்கிழமை போனபோது குசினியில் அடுப்புப் பக்கம் தரையில் கிடந்தாள். விழுந்தது வியாழக்கிழமையாக இருக்கும், உயிர் உடனே போயிருக்காது என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அந்தக் கட்டங்களின் நிரலைத் திருத்தினேன். இப்போது ஒன்பதைத் தொட்டால் அடுத்த படியிலேயே பத்து அணைகிறது. மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மாற்றியிருக்கலாம்.